கொழுந்து லொறியில் காற்றுக் கொம்பிரசர்: சுவிட்ச் எவ்வளவு சுமை தாங்கும்?



தொழில் பழகும் பிள்ளைகளுக்கான இந்தப் பக்கத்தில் இம்முறை ஒரு சின்ன வேலையைப் படிப்போம். டயருக்குக் காற்றடிக்கும் சிறிய மின் கொம்பிரசரை லொறியிலேயே நிரந்தரமாகப் பூட்டி, டாஷ்போர்டில் சும்மா கிடக்கும் துணைச் சுவிட்ச் ஒன்றினால் அதை இயக்குவது எப்படி? லொறி ஓட்டுகிறவர்களுக்கு மட்டுமான பாடம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஓட்டோ வைத்திருக்கிறவர்களுக்கும், டிரக்டரில் கிளீனராகப் போகும் பிள்ளைகளுக்கும், பத்தாம் பதினோராம் ஆண்டில் விஞ்ஞானம் படிக்கிறவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. அந்த லொறியில் ஏறிப் போகும் தாய்மாருக்கும் இருக்கிறது.

இந்தப் பாடத்தை எழுத வைத்தது ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்த சம்பவம். தோட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டாம். அந்தத் தோட்டத்தில் கொழுந்து ஏற்ற ஒரு சின்ன 12 வோல்ட் லொறி. கல் ரோட்டில் ஓடி ஓடி வாரத்துக்கு ஒரு டயராவது காற்று இறங்கும். டவுனுக்கு இறங்கினால்தான் டயர் கடை. டிரைவர் அண்ணன் தன் கைக்காசைப் போட்டு ஒரு கொம்பிரசர் வாங்கி வந்தார். லொறியில் கிளீனராகப் போன பையன் லயத்தில் எல்லோருடைய ரேடியோவையும் திருத்திக் கொடுக்கிறவன், நல்ல கெட்டிக்காரன். "நான் பூட்டித் தாறேண்ணே" என்றான்.

டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் சும்மா இருந்தது. முன்பு யாரோ பனி லைட் இரண்டு பூட்டியிருக்கிறார்கள். லைட் உடைந்து வருஷக் கணக்காகிவிட்டது, சுவிட்சும் வயரும் மட்டும் மிச்சம். பையன் அந்த வயரின் நுனியைப் பிடித்துக் கொம்பிரசரில் கொடுத்தான். சுவிட்சைப் போட்டதும் ஓடியது. ஒரு நிமிஷத்தில் பியூஸ் போய்விட்டது. இன்னொரு பியூஸ் போட்டான், அதுவும் போனது. மூன்றாவது தடவை சிகரட் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டி வைத்தான். அதற்குப் பிறகு பியூஸ் போகவே இல்லை.

மூன்று நாள் எல்லாம் சரி. நாலாம் நாள் அந்திக் கொழுந்து நிறுவை முடிந்து, பின் டயருக்குக் காற்றடித்துக்கொண்டு நிற்கும்போது டாஷ்போர்டில் இருந்து புகை வந்தது. சுவிட்சை நிறுத்தினார்கள், நிற்கவில்லை. உள்ளே பிளாஸ்டிக் உருகி ஒட்டிவிட்டது. பையன் ஓடிப்போய்ப் பெற்றரி வயரைக் கையால் இழுத்துக் கழற்றினான். உள்ளங்கை வெந்துபோனது. தார்ப்பாயும் சாக்கும் காய்ந்து கிடக்கிற லொறி, தீ பிடிக்காமல் போனது பெரிய விஷயம்.

அன்று ராத்திரி லயத்தில் ஒரு பிள்ளைக்கு வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்தத் தோட்டத்தில் கையில் கிடைப்பது அந்த லொறிதான். அது இருட்டில் வயர் கருகிக் கிடந்தது. கீழ்ப் பிரிவில் இருந்து ஓட்டோ ஒன்றைக் கூப்பிட்டு அது மலை ஏறி வர ஒரு மணி நேரத்துக்கு மேல். தாயும் பிள்ளையும் சுகமாக வீடு வந்தார்கள். பையனைத்தான் மறுநாள் பிரட்டில் தொரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் போய்க் கதைத்தபோது டிரைவர் அண்ணன் சொன்னார்: "பய நல்ல பயதாங்க. வயரு எங்க போவுதுன்னு தெரியும் அவனுக்கு. ஆனா எவ்வளவு போவுதுன்னு தெரியல."

இந்த "எவ்வளவு" என்பதுதான் நமது பாடம்.

கணக்கை எடுப்போம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிற கணக்குதான். வலுவை வோல்ட்டால் வகுத்தால் அம்பியர் வரும். பனி லைட் பல்பு ஒன்று 55 வாட், இரண்டுக்கும் 110 வாட். 12 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 அம்பியர். அந்தச் சுவிட்சும் வயரும் 15 அம்பியர் பியூஸும் அதற்குத்தான் வைத்தவை. அவர்கள் வாங்கிய கொம்பிரசரின் தகட்டில் 240 வாட் என்று இருந்தது. 12 ஆல் வகுத்தால் 20 அம்பியர். போதாததற்கு, நின்ற மோட்டார் சுழலத் தொடங்கும் அந்த நொடியில் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். டயரில் காற்று ஏற ஏற மோட்டாருக்குப் பாரம் கூடி அம்பியரும் கூடும். ஆகவே 15 அம்பியர் பியூஸ் போனது பியூஸின் குற்றம் அல்ல. "இந்தப் பாதையில் இவ்வளவு போகக்கூடாது" என்று அது இரண்டு தடவை சொன்னது. மூன்றாம் தடவை ஈயத்தாளால் அதன் வாயை அடைத்துவிட்டோம்.

சரி, 9 அம்பியரும் 20 அம்பியரும் இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடத்தானே, ஏன் உருகியது? இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். வயரிலோ சுவிட்சிலோ உண்டாகும் சூடு, அம்பியரை அதே அம்பியரால் பெருக்கி, பிறகு தடையால் பெருக்கினால் வரும். பழைய சுவிட்ச் ஒன்றின் உள்ளே தகடு கறுத்துப்போனால் அதன் தடை 0.1 ஓம் அளவுக்கு வரலாம். லைட் எரிந்த காலத்தில் 9 ஐ 9 ஆல் பெருக்க 81, அதை 0.1 ஆல் பெருக்க 8 வாட். கை வைத்தால் இளஞ்சூடு. கொம்பிரசர் ஓடும்போது 20 ஐ 20 ஆல் பெருக்க 400, அதை 0.1 ஆல் பெருக்க 40 வாட். அம்பியர் இரண்டு மடங்கு, சூடு ஐந்து மடங்கு.

40 வாட் என்றால் என்ன? அந்தப் பையனிடமே விடை இருந்தது. அவன் ரேடியோ திருத்தும் சோல்டரிங் அயனின் கைப்பிடியில் 40 வாட் என்றுதான் எழுதியிருந்தது. ஈயத்தை உருக்கும் அந்த அயனைக் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் சுவிட்சுக்குள் சொருகி வைத்ததற்குச் சமமான வேலையை அவன் செய்திருக்கிறான். இதைச் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு, "அப்ப அந்த சுவிட்சுல மின்சாரமே போகக்கூடாதாங்க?" என்று கேட்டான். நல்ல கேள்வி. போகலாம், ஆனால் கொஞ்சம்தான் போகலாம். அதற்குத்தான் ரிலே.

ரிலே என்பது தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி. உள்ளே ஒரு சின்னக் காந்தச் சுருள், அதன் மேலே ஒரு கனமான சுவிட்ச். சுருளுக்குச் சிறிதளவு மின்சாரம் கொடுத்தால் அது காந்தமாகிக் கனமான சுவிட்சை இழுத்துப் பிடிக்கும். "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். சுருளின் தடை 12 வோல்ட் ரிலேயில் ஏறக்குறைய 80 முதல் 100 ஓம் வரை. 12 ஐ 90 ஆல் வகுத்துப் பாருங்கள், 0.13 அம்பியர்தான். இப்போது டாஷ்போர்டில் இருக்கும் சுவிட்ச் 20 அம்பியரைச் சுமக்க வேண்டியதில்லை. 0.13 அம்பியரை அனுப்பிக் கட்டளை இட்டால் போதும். கங்காணி கொழுந்துக் கூடையைத் தூக்குவதில்லை, எங்கே கொட்டுவது என்று கை காட்டுவார். சுவிட்ச் கங்காணி, ரிலே ஆள். எந்தத் துணைச் சுவிட்சும், எவ்வளவு மெல்லிய வயரும் இந்த வேலைக்குத் தாங்கும்.

ரிலேயின் அடியில் நாலு கால் இருக்கும். பக்கத்தில் 30, 87, 85, 86 என்று இலக்கம் போட்டிருக்கும். எந்த நாட்டு லொறி என்றாலும் பெரும்பாலும் இந்த இலக்கங்கள்தான், ஆகவே மனப்பாடம் செய்துவிடுங்கள். 30 என்பது பெற்றரியில் இருந்து வரும் தடித்த வயர். 87 என்பது கொம்பிரசருக்குப் போகும் தடித்த வயர். 86 என்பது டாஷ்போர்டு சுவிட்சில் இருந்து வரும் மெல்லிய வயர். 85 என்பது ஏர்த், அதாவது லொறியின் உடம்பு. கடையில் 30 அம்பியர், 40 அம்பியர் என்று இரண்டு விதம் கிடைக்கும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, 40 வாங்குங்கள். சில ரிலேக்களுக்குள் டயோட் வைத்திருப்பார்கள். அப்படியானால் பெட்டியின் மேலே சின்னப் படமும் கூட்டல் அடையாளமும் இருக்கும். அதில் 85, 86 ஐ மாற்றிக் கொடுக்கக்கூடாது.

இனி வயர். எங்கள் கடைகளில் போய் வயர் கேட்டால் வீட்டு வயரிங்குக்கு உள்ள 1/1.13, 7/0.67, 7/1.04 என்று தருவார்கள். இந்த எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. முதல் எண் கம்பிகளின் எண்ணிக்கை, இரண்டாவது ஒவ்வொரு கம்பியின் விட்டம் மில்லிமீற்றரில். 1/1.13 என்பது 1 சதுர மில்லிமீற்றர், 7/0.67 என்பது 2.5, 7/1.04 என்பது 6. செம்புக் கம்பியில் ஒரு மீற்றர் நீளத்துக்குத் தடை முறையே 0.017, 0.007, 0.003 ஓம் அளவு. பெற்றரியில் இருந்து கொம்பிரசருக்கு 3 மீற்றர் போக, 3 மீற்றர் திரும்பி வர, மொத்தம் 6 மீற்றர் என்று வைப்போம். 20 அம்பியர் ஓடினால் 1 சதுர மில்லிமீற்றர் வயரில் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும், 40 வாட் சூடு. 2.5 இல் 0.8 வோல்ட். 6 இல் 0.36 வோல்ட். மோட்டாருக்கு வோல்ட் குறைந்தால் அது சோர்ந்து சுழலும், காற்றடிக்க அதிக நேரம் எடுக்கும், தானும் சூடாகும். "கொம்பிரசர் சரியில்ல, மலிவுச் சாமான்" என்று திட்டுகிறோம். பாதி நேரம் வயர்தான் சரியில்லை.

ஆகவே தடித்த வயர் 6 சதுர மில்லிமீற்றர். ஆனால் வீட்டு வயர் வேண்டாம். வீட்டுச் சுவர் ஆடுவதில்லை, கொழுந்து லொறி ஆடாத நேரம் இல்லை. ஒற்றைக் கம்பியும் ஏழு கம்பியும் ஆட்டத்தில் ஒடிந்துவிடும். மோட்டார் உதிரிப்பாகக் கடையில் மெல்லிய மயிர்க்கம்பிகள் நிறைய வைத்துத் திரித்த ஓட்டோ கேபிள் கேட்டு வாங்குங்கள். சுவிட்ச் பக்கத்துக்கு 0.75 அல்லது 1 சதுர மில்லிமீற்றர் தாராளம்.

பியூஸ் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பியூஸ் கொம்பிரசரைக் காப்பாற்ற வைப்பது என்று நினைக்கிறோம். அது வயரைக் காப்பாற்ற வைப்பது. வயர் தாங்கும் அளவுக்குக் குறைவாகவும், மோட்டார் ஓடும் அளவுக்குக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். 6 சதுர மில்லிமீற்றர் வயருக்கும் 20 அம்பியர் மோட்டாருக்கும் 30 அம்பியர் பியூஸ் பொருந்தும். எங்கே வைப்பது? பெற்றரியின் பிளஸ் முனையில் இருந்து ஒரு சாணுக்குள். கொம்பிரசருக்குப் பக்கத்தில் வைத்தால் பார்க்க வசதிதான். ஆனால் வழியில் வயர் எங்காவது உரசி இரும்பில் பட்டால், பியூஸ் வரைக்கும் உள்ள அந்த நீளத்தைக் காப்பாற்ற ஒன்றுமே இல்லை. லொறிப் பெற்றரி ஒன்று அப்படிப்பட்ட நேரத்தில் சில நூறு அம்பியர் கொடுக்கும், வயர் சிவந்து எரியும். சுவிட்சுக்குப் போகும் மெல்லிய வயருக்கும் தனியாக 5 அம்பியர் பியூஸ் ஒன்று. அந்த வயரைச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்தில் இருந்து எடுங்கள். இல்லாவிட்டால் யாராவது பிள்ளை ஏறி விளையாடிச் சுவிட்சைத் தட்டிவிட, காலையில் பெற்றரி செத்துக் கிடக்கும்.

அந்தத் தோட்டத்துக்கு நாங்கள் ஒரு கராஜ் எலக்ட்ரிக் பாஸைக் கூட்டிக்கொண்டு போனோம். டவுனில் முப்பது வருஷமாக வேலை செய்கிறவர், அதிகம் பேச மாட்டார். பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலில் அவர் செய்தது லொறியைச் சுற்றி வந்து பார்த்ததுதான். பிறகு, "மொதல்ல மைனஸ கழட்டு. பூட்டறப்ப மைனஸ் கடைசி" என்றார். காரணம் இதுதான். மைனஸ் கழன்றுவிட்டால் ஸ்பேனர் தவறி உடம்பில் பட்டாலும் பொறி வராது. பெற்றரிக்குப் பக்கத்தில் பீடி, சிகரட் கூடாது, அதில் இருந்து வரும் வாயு வெடிக்கக்கூடியது. கையில் மோதிரம், இரும்புச் சங்கிலி கடிகாரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும்.

கொம்பிரசரை எங்கே வைப்பது என்பதிலும் அவர் அவசரப்படவில்லை. என்ஜினுக்கு மேல் சூடு, சக்கரத்துக்குப் பின்னால் சேறு. கொழுந்துத் தட்டின் கீழே இடம் இருந்தது, ஆனால் உர மூட்டை ஏற்றும் லொறி அது. உரத்தூள் ஈரத்தோடு சேர்ந்தால் செம்பையும் இரும்பையும் தின்றுவிடும். டேர்மினலில் பச்சை பிடித்திருக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். கடைசியில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் காய்ந்த இடத்தில், நாலு ரப்பர் புஷ் வைத்துப் பூட்டினார். என்ஜின் பக்கம் இருந்து உள்ளே வயர் வரும் துளையில் ரப்பர் வளையம் ஒன்று போட்டார். தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி. வளையம் இல்லாவிட்டால் ஆறு மாசத்தில் வயரின் தோலைச் சீவிவிடும். டீசல் குழாயோடு சேர்த்து வயரைக் கட்டவே கூடாது என்று பையனிடம் இரண்டு தடவை சொன்னார்.

ஏர்த்துக்கு அவர் எடுத்த நேரம்தான் அதிகம். பழைய போல்ட் ஒன்றைக் கழற்றி, பெயின்டும் துருவும் போக வெள்ளி மாதிரி மினுங்கும் வரைக்கும் எமரித் தாளால் தேய்த்து, லக்கை வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசினார். போகும் மின்சாரம் அவ்வளவும் திரும்பி வரவேண்டும். பிளஸ் பக்கம் எவ்வளவு தடித்த வயர் போட்டாலும் ஏர்த்தில் துரு இருந்தால் பழைய சுவிட்சின் கதைதான். லக்குகளை அமுக்கும் குறட்டால் நசுக்கிப் பூட்டினார். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்றுகூட இல்லை.

பூட்டி முடிந்ததும் கொம்பிரசரைக் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் 21 வாட் சிக்னல் பல்பு ஒன்றைக் கொடுத்துச் சுவிட்சைப் போடச் சொன்னார். ரிலே டிக் என்றது, பல்பு எரிந்தது. நிறுத்தினால் அணைந்தது. சாவியை எடுத்தால் சுவிட்ச் போட்டிருந்தாலும் எரியவில்லை. அதற்குப் பிறகுதான் கொம்பிரசர். என்ஜினை ஓடவிட்டுக் காற்றடிக்கும்போதே மல்டிமீற்றரைப் பையன் கையில் கொடுத்தார். ஒரு முனை பெற்றரி பிளஸில், மறு முனை கொம்பிரசர் பிளஸில். மீற்றர் காட்டுவது வழியில் தொலைந்து போகும் வோல்ட். 0.2 காட்டியது. ஏர்த் பக்கமும் அப்படியே பார்த்தார்கள், 0.1. இரண்டும் சேர்த்து அரை வோல்ட்டைத் தாண்டாவிட்டால் வேலை சுத்தம். பத்து நிமிஷம் விட்டு விட்டு ஓட்டி, பியூஸ் பெட்டி, ரிலே, லக் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார்கள். இளஞ்சூடு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் அந்த இடத்து இணைப்பு தளர்ந்திருக்கிறது.

சின்னக் கொம்பிரசர்கள் நெடுநேரம் ஓடப் பிறந்தவை அல்ல. எவ்வளவு நேரம் ஓடலாம், எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருக்கும், அதன்படி நடக்க வேண்டும். காற்றைத் தேக்கி வைக்கத் தொட்டியும் பூட்டுவதானால் அழுத்தச் சுவிட்ச் ஒன்று அவசியம். உதாரணமாக 90 பி.எஸ்.ஐ.க்கு இறங்கினால் ஓடவைத்து, 120 இல் நிறுத்தும். அதையும் தடித்த வயரில் கொடுக்காமல், ரிலேயின் 86 க்கு வரும் மெல்லிய வயரின் நடுவில் கொடுங்கள். தொட்டிக்கு ஒரு காப்பு வால்வு இல்லாமல் ஓட்டவே கூடாது. நம்முடைய குளிரிலும் பனியிலும் தொட்டிக்குள் தண்ணீர் சேரும், அடியில் உள்ள திருகைக் கிழமைக்கு ஒருதரம் திறந்துவிட வேண்டும்.

பெரிய லொறிக்காரர்கள் இப்போது கேட்பது தெரிகிறது. "எங்கட லொறியில பெற்றரி ரெண்டு இருக்கே, ஒண்ணுல இருந்து 12 எடுத்தா என்னா?" எடுக்கலாம், உடனே ஓடும், சில மாதங்களில் இரண்டு பெற்றரியும் போகும். பெரிய லொறிகளில் 12 வோல்ட் பெற்றரி இரண்டைத் தொடராக இணைத்து 24 ஆக்கியிருப்பார்கள். ஒன்றில் இருந்து மட்டும் எடுத்தால் அது இறங்கும், மற்றது நிறைந்தே இருக்கும். ஓல்டனேட்டர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துச் சார்ஜ் செய்யும். நிறைந்தது கொதித்துத் தண்ணீர் வற்றும், இறங்கியது எப்போதும் பாதி வயிற்றோடு கிடக்கும். 24 வோல்ட் லொறிக்கு 24 வோல்ட் கொம்பிரசரும் 24 வோல்ட் ரிலேயும்தான். அதில் ஒரு லாபமும் உண்டு. அதே 240 வாட்டுக்கு 10 அம்பியர் போதும். காற்றுப் பிரேக் உள்ள லொறியில் என்ஜினே சுழற்றும் கொம்பிரசர் ஏற்கெனவே இருக்கிறது. பிரேக் தொட்டியில் இருந்து டயருக்குக் காற்று எடுக்க வழி இருக்கிறதா என்பதை அந்த லொறியைத் தெரிந்த கராஜில் கேளுங்கள், நாமாகக் குழாயை வெட்டக்கூடாது. இறக்கத்தில் நம்மை நிறுத்தும் காற்று அது.

மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள் சிலருக்கு இந்த வேலை பழக்கமானதாக இருக்கும். அங்கே மணலில் ஓட்டுவதற்கு டயர் காற்றைக் குறைப்பார்கள், தார் ரோட்டுக்கு ஏறியதும் திரும்ப ஏற்ற வேண்டும். அதனால் வண்டியிலேயே கொம்பிரசர் பூட்டுவது சாதாரணம். 2018 மாதிரியில் இருந்து வரும் ஜீப் ராங்ளர் வண்டிகளில், கேட்டு வாங்கினால், துணைச் சுவிட்ச் நாலு கம்பனியே பூட்டித் தருகிறது. இரண்டு 40 அம்பியருக்கு, இரண்டு 15 அம்பியருக்கு. ரிலேயும் பியூஸும் உள்ளேயே இருக்கின்றன, பொனட்டுக்குள் வயர் நுனிகளை மட்டும் விட்டிருப்பார்கள். இவ்வளவு வசதி இருந்தும் அங்கேயும் பிழை விடுகிறார்கள். இரட்டை மோட்டார் கொம்பிரசர் 50 அம்பியரையும் தாண்டும். அதை 40 அம்பியர் சுவிட்சில் நேரே கொடுத்தால் என்ன நடக்கும் என்று இப்போது உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்கும் தனி வயர், தனி பியூஸ், தனிப் பெரிய ரிலே. கம்பனி கொடுத்த சுவிட்ச் அந்த ரிலேக்குக் கட்டளை கொடுத்தால் போதும், 15 அம்பியர் சுவிட்சே அதிகம்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. லொறி தோட்டத்துச் சொத்து. நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அனுமதி இல்லாமல் ஒரு வயரை வெட்டினால், பிறகு அந்த லொறியில் எது கெட்டாலும் பழி வெட்டியவன் தலையில்தான். வாய்ப் பேச்சு போதாது. என்ன பூட்டப்போகிறோம், யார் பூட்டுவார், செலவு யாருடையது என்று ஒரு தாளில் எழுதி, தொரையின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பையன் விஷயத்திலும் இப்படி ஒரு தாள் இருந்திருந்தால் பேச்சு வேறு விதமாகப் போயிருக்கும். டிரைவர் அண்ணனும் தலைவரும் போய்ப் பேசி, பாஸ் செய்த வேலையைத் தொரை தன் கண்ணால் பார்த்து, மூன்று கிழமைக்குப் பிறகு பையனைத் திரும்ப எடுத்தார்கள். அந்த மூன்று கிழமைச் சம்பளம் வரவில்லை. இப்போது அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் பாஸின் கராஜுக்குப் போகிறான். வாகன மின் வேலைக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம் என்று பாஸ்தான் அவனுக்குச் சொல்லியிருக்கிறார். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் இதுபற்றி விசாரிக்கலாம்.

இனி வீட்டில் போட்டுப் பார்க்கச் சில கணக்குகள். பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து போடுங்கள்.

முதலாவது: 24 வோல்ட் லொறி ஒன்றில் 360 வாட் கொம்பிரசர். எத்தனை அம்பியர் இழுக்கும்? பெற்றரியில் இருந்து 5 மீற்றர் போய் 5 மீற்றர் திரும்ப, 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் எத்தனை வோல்ட் வழியில் போகும்? வயரில் எத்தனை வாட் சூடு?

இரண்டாவது: ஒருவர் 1 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டு, பெற்றரிக்குப் பக்கத்திலேயே 30 அம்பியர் பியூஸ் வைத்திருக்கிறார். வயர் இரும்பில் லேசாக உரசி 25 அம்பியர் ஓடுகிறது. எது முதலில் எரியும்?

மூன்றாவது: சுவிட்சைப் போட்டால் ரிலே டிக் என்கிறது, கொம்பிரசர் ஓடவில்லை. 30, 87, 85, 86 இல் எந்த இரண்டு பக்கத்தைப் பார்ப்பீர்கள், எதைப் பார்க்கத் தேவையில்லை? டிக் சத்தமே வராவிட்டால்?

விடைகளை ஒரு தாளில் எழுதி உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுத்துவிடுங்கள். செய்த கணக்கையும் சேர்த்து எழுதுங்கள், விடை மட்டும் போதாது. அடுத்த இதழில் சரியான விடைகளோடு, ஓல்டனேட்டர் சார்ஜ் செய்கிறதா இல்லையா என்று மல்டிமீற்றரால் பார்ப்பது எப்படி என்பதைப் படிப்போம்.